ஹெபெல்: மாயையா, மூச்சா?

'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்னும், விவிலியப் பழைய ஏற்பாட்டு நூலொன்றின் ஆசிரியனாகிய பிரசங்கியின் கூற்றை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இலர். அங்கே மாயை என்று பெயர்க்கப்பட்டிருக்கும் எபிரேயச் சொல் ஹெபெல். அதன் முதற்பொருள் மூச்சு, வாயிலிருந்து வெளிவந்து கலைந்துவிடும் ஆவி என்பதாகும். பிரசங்கியின் நூலில் மட்டும் 38 இடங்களில் வரும் இச்சொல், நிலைக்காதது, பயனற்றது, கைக்குப் பிடிபடாதது என்று இடத்துக்கேற்ப விரிந்து, தீர்க்கதரிசிகளின் வாயில் விக்கிரகங்களைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல்லாகவும் ஆனது.

முதற்பொருள் மறைந்துவிடவில்லை என்பதற்கு ஏசாயா 57:13 சான்று. விக்கிரகங்களைக் காற்று வாரிக்கொண்டு போகும், ஹெபெல் எடுத்துச் செல்லும் என்று அவ்வசனம் காற்றையும் ஹெபெலையும் இணையாக நிறுத்துகிறது. 'மாயை கொண்டுபோகும்' என்று அதைத் தமிழில் படிப்பவருக்குப் பொருள் எளிதில் விளங்காது. ஒரு மூச்சில் பறந்துபோகும் என்றால் உடனே விளங்கும். ஆதாமின் இரண்டாம் மகன் ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான். காயீனின் பெயருக்குக் காரணம் கூறும் ஆதியாகமம் ஆபேலின் பெயருக்கு எதுவும் கூறவில்லை. சில வசனங்களிலேயே வந்து மறையும் அவனுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

கிரேக்கத்தில் இதனை வெறுமை என்னும் பொருள்படும் மத்தாயோத்தேஸ் என்றும், இலத்தீனில் எரோனிமுஸ் வானித்தாஸ் என்றும் பெயர்த்தபோது, புலனுக்கு எட்டும் ஒரு பொருளாக இருந்த மூச்சு ஒரு கருத்தாக மாறியது. தமிழில் மாயை என்று ஆனபோது சிக்கல் இன்னும் கூடியது. மாயை நம்மிடம் ஏற்கெனவே தத்துவச் சுமை ஏறிய சொல். அத்வைதம் பயின்றவர் அதை உள்பொருளை மறைக்கும் தோற்றமாகக் கொள்வார்; சைவ சித்தாந்தியோ உயிரைப் பிணிக்கும் மும்மலங்களுள் ஒன்றாகவும், உலகம் தோன்றுவதற்கான முதற்காரணமாகவும் கொள்வார். இவ்விரண்டில் எதையும் பிரசங்கி சொல்லவில்லை. வாழ்வு பொய்யென்பது அவன் வாதமன்று. வாழ்வு மெய்யாகவே இருக்கிறது, ஆனால் தங்குவதில்லை என்பதே அவன் துயரம். 'என் நாட்களை நாலு விரற்கடையளவாக்கினீர்' என்று 39-ஆம் சங்கீதம் முறையிடும்போதும், அளந்து காட்டப்படுவது உண்மையான ஒரு நீளந்தான்.

அப்படியானால் நேர்ச்சொல் எது? பொருளளவில் மிக நெருங்கியது 'ஆவி'. நீராவி, மூச்சு, உயிர் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும் வாய்ப்பு எல்லா மொழிக்கும் வாய்ப்பதன்று. எனினும் காற்று, ஆவி என்று பொருள்படும் ரூவாக் என்னும் எபிரேயச் சொல்லுக்கும் பரிசுத்த ஆவிக்கும் அது உரியதாகிவிட்டது. மூச்சைக் குறிக்கும் பழஞ்சொல்லாகிய உயிர்ப்பும் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் தமிழ் மொழிபெயர்ப்பு பிரசங்கியின் தொடக்கத்தில் 'வீண்' என்கிறது. மனிதனின் உழைப்பைப் பற்றிய இடங்களில் அது பொருந்தும். மனிதனையே குறிக்கும் இடத்தில் கடுமையாகிவிடும். 144-ஆம் சங்கீதம் மனிதனை ஹெபெலுக்கும் கடந்துபோகும் நிழலுக்கும் ஒப்பிடுகிறது. நிழலை வீண் என்று யாரும் சொல்வதில்லை.

எனவே, உவமையாக வரும் இடங்களில் 'மூச்சு' என்றும், கருத்தாக வரும் இடங்களில் 'நிலையாமை' என்றும் பெயர்ப்பதே தகும் என்பது என் கருத்து. நிலையாமை நமக்குப் புதிய சொல்லன்று. திருக்குறளின் 34-ஆம் அதிகாரத்தின் பெயர் அது. நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைக் கூறியே தொடங்குகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இச்சொல்லை அறியாதவர்கள் அல்லர். பிரசங்கி 9:9-இல் மனைவியோடு வாழ்வை அனுபவிக்கச் சொல்லும் வசனத்தில் ஹெபெல் இருமுறை வருகிறது. ஓரிடத்தில் 'மாயையான நாட்கள்' என்று எழுதிய அவர்கள், மற்றோரிடத்தில் 'நிலையில்லாத இந்த ஜீவவாழ்வு' என்றே எழுதினார்கள்.