ஆழமற்ற ஆழமாம்!

"ஆழமற்ற புல ஆழத்தில் மழைத்துளியைப் படமெடுக்கவும்." ஒளிப்படப் பயிற்சி ஒன்றில் கொடுத்த கையேட்டில் இருந்த வரி இது. இதற்கு முன்பும் இரண்டு இடங்களில் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது முறை பொறுக்கவில்லை. ஆழமற்ற ஆழம்! மளிகைக் கடையில் போய் உப்பில்லாத உப்பு கேட்டுப் பார்க்கட்டும்.

சொல்ல வந்தது 'டெப்த் ஆஃப் ஃபீல்டு'. லென்சை ஒரு பொருளின்மேல் குவித்தால், அதற்குச் சற்று முன்னும் பின்னும் இருப்பவையும் தெளிவாகவே பதியும். அந்தத் தெளிவு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் இது. 'ஃபீல்டு' என்பது லென்சுக்கு முன்னால் விரியும் காட்சி வெளி. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

தமிழில் 'புலம்' என்றால் நிலம். புன்புலம், மென்புலம் என்கிறோம். ஐம்புலன் வேறு இருக்கிறது. பள்ளியில் படித்தவனுக்குக் காந்தப்புலமும் மின்புலமும் நினைவுக்கு வரும். கேமராவைப் பிடித்து நிற்பவனுக்கு இதில் எது உதவும்? 'ஆழம்' இன்னும் மோசம். ஆழ்தல் என்றால் கீழே அமிழ்தல். கிணற்றுக்கு ஆழம் உண்டு, கடலுக்கு உண்டு. எதிரே நீளும் தெருவை ஆழமான தெரு என்று எந்தத் தமிழனும் சொன்னதில்லை. அண்ணாந்து படுத்துக்கொண்டு, கிளையில் தொங்கும் துளியை எடுக்கிறவனுக்கு ஆழம் எந்தப் பக்கம், வானத்திலா?

சிலர் இதைத் திருத்துவதாக எண்ணிக் 'குவிய ஆழம்' என்கிறார்கள். அது பிழைமேல் பிழை. ஒளியியலில் 'டெப்த் ஆஃப் ஃபோகஸ்' என்று வேறொன்று இருக்கிறது. லென்சுக்குப் பின்னால், சென்சாரோ ஃபிலிமோ எவ்வளவு முன்பின் நகர்ந்தாலும் படம் கெடாது என்கிற அளவு அது. முன்னால் இருப்பதற்குப் பின்னால் இருப்பதன் பெயரைச் சூட்டுவது, வாசலைக் கொல்லை என்று அழைப்பதுபோல.

என் பரிந்துரை 'தெளிவெல்லை'. குறுகிய தெளிவெல்லை, விரிந்த தெளிவெல்லை என்று அடைமொழியும் இடறாமல் சேரும். 'தெளிவுத் தடிமன்' என்றும் யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் தடிமன் என்றால் ஜலதோஷம் என்று நினைவு வந்ததும் விட்டுவிட்டேன்.

சொல் பொருந்துகிறதா என்று வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும். மழை விட்டதும் நந்தியாவட்டை இலை நுனியில் நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளி தொங்குகிறது. பின்னால் செம்பருத்தி. துளி ஒரு குட்டி லென்ஸ். அதில் பூ தலைகீழாகத் தெரியும். முழுச்சட்ட கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது), பொருளின் அளவும் பிம்பத்தின் அளவும் ஒன்றாக இருக்கும்படி நெருங்கி, லென்சின் திறப்பை எஃப் 8-இல் வைத்து எடுத்தால் தெளிவெல்லை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இதில் ஒரு வேடிக்கை: பூவின் பிம்பம் துளிக்குள் இல்லை, துளியைவிட்டு ஓரிரு மில்லிமீட்டர் கேமரா பக்கமாக வெளியே நிற்கிறது. துளியின் விளிம்பைத் தெளிவாக்கினால் பூ கலங்கும். பூவைப் பிடித்தால் விளிம்பு கரையும். பிம்பம் தெளிவெல்லைக்கு உள்ளே, விளிம்பு வெளியே என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். இதையே 'புல ஆழம்' வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதி இருந்தால் போதும், கேமரா வேண்டாம். ஆங்கிலத் தொடரை மூன்று துண்டாக உடைத்து, துண்டுக்கொரு தமிழ்ச்சொல் ஒட்டிவிடுகிறார்கள். அதே கையேட்டில், சிறு பொருளை மிக நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோவுக்குப் 'பெரும் ஒளிப்படவியல்'! நிக்கான் நிறுவனம் அதே வகை லென்சை 'மைக்ரோ' என்றே விற்கிறது. அதை இவர்கள் 'சிறும் ஒளிப்படவியல்' ஆக்குவார்களோ? 'அண்மைப் படம்' என்றால் முடிந்தது.

கையேட்டின் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்க ஓரத்தில் எழுதினேன்: "தெளிவெல்லையைக் குறுக்கி, மழைத்துளியை அண்மையில் எடுக்கவும்." பயிற்சியாளர் வாங்கிப் படித்துவிட்டு, "ஓ, டெப்த்தைச் சொல்கிறீர்களா?" என்றார்.