ரன்-டைம் எரர்: இயங்குநேரப் பிழை

வேர்டில் ஒரு மேக்ரோவை, அதாவது வேலைகளைத் தானாகச் செய்ய எழுதி வைத்த சிறு நிரலை, ஓட விடுகிறீர்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடியதுதான். இன்று குறுக்கே ஒரு பெட்டி வந்து 'ரன்-டைம் எரர் 5941' என்கிறது, நீங்கள் கேட்ட உறுப்பு அந்தத் தொகுப்பில் இல்லை என்கிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் தொடவில்லை. அப்புறம் எப்படி? பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, தமிழில் சிலர் எழுதும் பெயரில்தான் அது காணாமல் போய்விடுகிறது.

'நிகழ்நேரப் பிழை' என்று எழுதுகிறார்களே, அதைச் சொல்கிறேன். நிகழ்நேரம் என்பது ரியல்-டைம். விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று நொடிக்கு நொடி காட்டுகிறார்களே, அது. ரன்-டைம் என்பது நிரல் ஓடத் தொடங்கியதிலிருந்து முடியும் வரையிலான நேரம். 'இயக்கநேரப் பிழை' என்றால் பரவாயில்லை. ஆனாலும் எனக்கு 'இயங்குநேரம்' பிடிக்கும். இயங்குதளம் என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டது, அதே அச்சில் இதுவும் வினைத்தொகை.

நேரம் ஏன் முக்கியம் என்றால், வேறொரு வகைப் பிழை ஓடுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். 'இஃப்' எழுதிவிட்டு 'தென்' போட மறந்தால், நிரல் எழுதும் சாளரமான எடிட்டர் அந்த வரியைச் சிவப்பாக்கிவிடும், மேக்ரோ கிளம்பவே கிளம்பாது. அது தொகுப்புநேரப் பிழை (கம்பைல் எரர்), வாக்கியத்திலேயே கோளாறு. இயங்குநேரப் பிழை அப்படியில்லை. 'மூன்றாவது இழுப்பறையைத் திற' என்ற வாக்கியத்தில் இலக்கணக் குற்றம் ஏதுமில்லை, போய்ப் பார்த்தால்தான் மேசையில் இரண்டே இழுப்பறை. 5941-உம் பெரும்பாலும் இதே கதைதான்: மேக்ரோ 'டேபிள்ஸ்(1)' என்று முதல் அட்டவணையைக் கேட்கிறது, இன்று திறந்திருக்கும் ஆவணத்தில் அட்டவணையே கிடையாது.

எரர் என்பதற்கு லத்தீன் மூலம் 'எர்ராரே', வழிதவறி அலைவது. நம் 'பிழை'க்குள் இருப்பது குறி தவறுவது. அதனால்தான் உயிர் தப்பியவனையும் 'பிழைத்தான்' என்கிறோம். 'தப்பு' என்ற சொல்லும் அப்படித்தான், தவறு செய்வதும் தப்பு, ஆபத்திலிருந்து நழுவுவதும் தப்புவது. இல்லாத அட்டவணையைத் தேடிப் போய்க் குறி தவறும் மேக்ரோவுக்கு லத்தீனைவிட நம் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

சரி, திருத்துவது எப்படி? பெட்டியில் 'டீபக்' பொத்தானை அழுத்தினால் எடிட்டர் திறந்து, தடுக்கி விழுந்த வரி மஞ்சளாகத் தெரியும். அந்த வரி எதைக் கேட்கிறது, அது ஆவணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணை என்றால் 'டேபிள்ஸ்.கவுன்ட்' சுழியைவிடப் பெரிதா என்று முதலில் சோதித்துவிட்டுத் தொட வேண்டும். புக்மார்க் என்றால் 'புக்மார்க்ஸ்.எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்கலாம். பிழை எண் 13 என்றால் வகை பொருந்தவில்லை, எண்ணை எதிர்பார்த்த இடத்தில் யாரோ 'பத்து' என்று எழுத்தில் தட்டியிருப்பார்கள். 91 என்றால் பெரும்பாலும் ஒரு பொருளை மாறியில் வைக்கும் 'செட்' என்ற சொல் விட்டுப்போயிருக்கும்.

நிரலில் இருக்கும் கோளாறை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள், அதற்கு இப்போது 'வழு' என்று எழுதுகிறோம், அது இலக்கணத்திலிருந்து வந்த சொல். நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைச் சொல்கிறது. அதோடு நிற்காமல், காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று 'வழுவமைதி' ஒன்றையும் வைத்திருக்கிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்றால் குற்றமில்லை. மேக்ரோவில் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு: 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். நன்னூலாவது காரணம் கேட்கும், இது எதையும் கேட்காது. பலரும் இதை நிரலின் தலையில் போட்டுவிட்டுப் பிழை போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கிறார்கள், அட்டவணையோ நிரம்பாமலே கிடக்கும். அவசியம் என்றால் ஒரே ஒரு வரிக்கு மட்டும் போட்டு, அடுத்த வரியிலேயே 'ஆன் எரர் கோடூ 0' என்று எடுத்துவிடுங்கள்.