பீ.சி.ஓ.எஸ். உள்ள பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது?

"அஞ்சு மாசமா இவளுக்கு மாசம் வரல டொக்டர். கல்யாணம் கட்டுனா சரியாப் போயிரும்னு லயத்துல சொல்றாங்க."

அம்மா கொழுந்து பறிப்பவர். மகளுக்கு ஹட்டன் நகரத்தில் புடவைக் கடையில் வேலை. ஸ்கேன் தாளில் இரண்டு சூலகத்திலும் நீர்க்கட்டி என்று கண்டதிலிருந்து, ஒப்பரேஷன் செய்வார்களோ என்ற பயத்தில் பிள்ளை காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள்.

நான் முதலில் அந்தப் பயத்தைத்தான் தீர்ப்பேன். அவை வெட்டி எடுக்கவேண்டிய கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். ஸ்கேனை மட்டும் வைத்து இது பீ.சி.ஓ.எஸ்., அதாவது ஓமோன் கோளாறால் முட்டை ஒழுங்காக முதிராத நோய், என்று சொல்லவும் முடியாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமை, முகத்தில் முடி, பரு போன்ற ஆண் ஓமோன் மிகுதியின் அடையாளங்கள், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003 முதல் உள்ள அளவுகோல். தைரொயிட் கோளாறு போன்ற வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும். பெரியபிள்ளையாகி 8 வருடம் ஆகாதவர்களுக்கு இதற்காக ஸ்கேன் எடுக்கவே தேவையில்லை.

இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைக் கூட்ட, முட்டை முதிராமல் நிற்கிறது. பின்கழுத்து கறுத்து, தோல் தடித்துப் போவதும் இதனால்தான். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். மெலிந்தவர்களுக்கும் இந்த நோய் வரும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். விடிய ஒரு சாயத்தண்ணி, கடையில் பத்து மணிக்கு ஒரு பால் தேத்தண்ணியும் பணிஸும், பின்னேரம் இன்னொன்று என்று நாளுக்கு 6 கோப்பை. கோப்பைக்கு 3 கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 72 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 50 கிராம். 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நான் சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதில்லை, யாராலும் முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கவும் வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாதக்கணக்கில் வராமல் இருந்து பிறகு அதிகமாகப் போகிறவர்களுக்கு இரத்தம் ஏற்கனவே குறைவு.

அடுத்தது ரொட்டி. கோதுமை மா ரொட்டி நான்கும் சம்பலும் என்றால் வயிறு நிறையும், புரதம் போதாது. ரொட்டியை இரண்டாக்கி, அவித்த கடலையோ, கெட்டியான பருப்போ, ஒரு முட்டையோ சேர்க்கச் சொன்னேன். மாவில் பாதி குரக்கன் கலக்கலாம். மத்தியானம் சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி என்றால் மாவுக்கு மேல் மாவு. அந்த இடத்தில் போஞ்சி, கோவா, வல்லாரைச் சம்பல் வரட்டும். வீட்டுத் தோட்டத்தில் விளைவதை எல்லாம் விற்றுவிட்டுப் பாண் வாங்கும் வீடுகள் உண்டு, அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பிடி போஞ்சியை வீட்டுக்கு எடுத்து வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

பாலை விடு, கோதுமையை அடியோடு விடு என்ற யூடியூப் கட்டளைகளுக்காகக் காசைச் செலவழிக்காதீர்கள். இந்த நோய்க்கு ஒரு உணவுமுறை மற்றதைவிட மேல் என்று நிரூபிக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. எடை கூடியவர்களுக்கு 5 வீதம் குறைவதே பயன் தரும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. பட்டினி கிடந்து குறைப்பது நிலைக்காது.

சாப்பாடு மட்டும் எல்லோருக்கும் போதாது. மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் அது புற்றுநோயாகும் அபாயம் கூடும். அதனால் மாதவிடாயை வரவைக்க மாத்திரை கொடுக்கிறோம். அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று தெரிந்ததும் இந்த அம்மாவின் முகம் மாறியது. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கா?" மருந்துக் கடையில் யாராவது பார்த்தால் என்ன பேசுவார்கள் என்பதே அவர் கவலை. இங்கே அது மருந்து என்றும், பின்னாளில் பிள்ளை பிறப்பதைக் கெடுக்காது என்றும் விளக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் வீணில்லை. பயத்தோடு போகிறவர்கள் மாத்திரையைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்குச் சீனிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த நோய் உள்ளவர்களுக்கு நீரிழிவு இளவயதிலேயே வரலாம். எழும்பப் போன அம்மா, தலையில் கட்டியிருந்த துணியைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் இப்படித்தான் கறுப்பா இருக்கு டொக்டர்."

அவருக்கும் ஒரு துண்டு எழுதினேன்.