இரும்புக் கப்பல் அன்று, இரும்பு வேய்ந்த கப்பல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடற்போர்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் 'அயர்ன்கிளாட்' என்னும் சொல்லுக்கு 'இரும்புக் கப்பல்' என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த பிழை என்றால் கடந்து போகலாம். ஆனால் அக்காலக் கப்பல்களைப் பற்றிப் படிக்கப் புகுகிறவரை இந்தச் சொல் முதற்பக்கத்திலேயே தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. ஆகவே இதை விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

'அயர்ன்' என்பது இரும்பு. 'கிளாட்' என்பது உடுத்துதலைக் குறிக்கும் ஆங்கில வினையின் பழைய எச்ச வடிவம். இரண்டும் சேர்ந்தால் இரும்பை உடுத்தது என்று பொருள். பிரெஞ்சுக்காரர் இவ்வகைக் கப்பலை மார்புக் கவசம் பூண்டது என்னும் பொருளில் 'க்யுராஸே' என்றனர்; ஜெர்மானியர் 'பான்சர்ஷிஃப்' என்றனர், அதாவது கவசக் கப்பல்; ரஷ்யர் 'ப்ரொனெனோசெத்ஸ்' என்றனர், அதாவது கவசம் தாங்கி. கப்பல் எதனால் ஆனது என்று இவற்றுள் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அது எதை அணிந்திருந்தது என்பதைத்தான் எல்லாம் சொல்கின்றன. பிரெஞ்சுச் சொல்லின் வேரில் இருப்பது தோல் என்னும் பொருளுடைய சொல். அதற்காக அதை யாரும் தோல் கப்பல் என்று பெயர்ப்பதில்லை.

இனிக் கப்பல்களையே எடுத்துக்கொள்வோம். 1853 நவம்பர் 30 அன்று கருங்கடலின் சினோப் துறையில் ரஷ்யரின் வெடிகுண்டுப் பீரங்கிகள் ஓட்டோமானியரின் மரக்கப்பல்களை எரித்தழித்தன. மரப்பலகை மட்டும் இனிப் போதாது என்பதை அந்த நாள் எல்லாக் கடற்படைகளுக்கும் உணர்த்தியது. 1855 அக்டோபரில் கருங்கடற்கரையில் ரஷ்யரின் கின்பர்ன் கோட்டையைத் தாக்கிய மூன்று பிரெஞ்சு மிதவைப் பீரங்கித் தளங்கள் இரும்புத் தகடு போர்த்தவை. போர்வைக்கு அடியில் இருந்தது மரம். அந்த அனுபவத்தை வைத்துப் பிரெஞ்சுக் கப்பற்பொறியாளர் துப்புய் தெ லோம் வடிவமைத்து 1859இல் கடலில் இறக்கப்பட்ட 'குளோவார்', பெருங்கடலில் செல்லவல்ல முதல் அயர்ன்கிளாட் என்று உலகமே ஒப்புக்கொள்ளும் கப்பல். அதன் உடலும் மரமே. மரத்தின் மேல் 12 சென்டிமீட்டர் கனத்தில் இரும்புத் தகடுகளை அறைந்திருந்தார்கள். இந்த வகையின் தலைமகனாகிய கப்பலே மரக்கப்பலாக இருக்கும்போது வகைக்கு 'இரும்புக் கப்பல்' என்று பெயரிட்டால், வாசகர் அடுத்த வரியில் 'மர உடல்' என்று படித்ததும் நூலாசிரியர்தான் பிழை செய்துவிட்டார் என்று எண்ணுவார்.

மறுபுறமும் பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1839இல் கட்டப்பட்டு, சீனத்தின் மீதான முதல் அபினிப் போரில் ஈடுபட்ட 'நெமிசிஸ்' முழுக்க இரும்பு உடல் கொண்ட போர்க்கப்பல். அதில் கவசம் ஏதும் இல்லை. அதை யாரும் அயர்ன்கிளாட் என்று சொல்வதும் இல்லை. அதுதான் உண்மையான இரும்புக் கப்பல். 1840களில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய சோதனைகளில், மெல்லிய இரும்புத் தகட்டு உடல்கள் குண்டுபட்டால் சிதறிக் கூரிய சில்லுகளாக உள்ளே பாய்கின்றன என்று தெரிந்தது. அதனால் இரும்பு உடல் கொண்ட போர்க்கப்பல்கள் மீதே நம்பிக்கை குறைந்து, அவற்றுள் சில துருப்புகளை ஏற்றும் கப்பல்களாக மாற்றப்பட்டன. ஆக, இரும்புக் கப்பல் ஐயத்துக்குரியதாக இருந்த பத்தாண்டுக்குப் பின் இரும்பை உடுத்த கப்பல் வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் இந்த வரலாற்றை எழுதவே முடியாது.

1860 டிசம்பரில் இறக்கப்பட்டு இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் 'வாரியர்' கப்பலைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். அதன் உடல் இரும்புதான். ஆனால் அது அயர்ன்கிளாட் ஆனது அந்த உடலால் அன்று. 114 மில்லிமீட்டர் இரும்புக் கவசமும், அதற்குப் பின்னே 457 மில்லிமீட்டர் தேக்குமே அதற்கு அந்தப் பெயரைத் தந்தன. (ஆங்கிலத்தின் 'டீக்' போர்த்துக்கேயர் வழியாகப் போன நம் பக்கத்துச் சொல், தமிழில் தேக்கு, மலையாளத்தில் தேக்கு.) அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 மார்ச் 9 அன்று 'மானிட்டர்' என்னும் கப்பலோடு மோதிய 'வர்ஜீனியா', எரிந்துபோன 'மெரிமாக்' என்ற மரக்கப்பலின் மிச்சத்தின் மேல் கட்டப்பட்டது. அதையும் இரும்புக் கப்பல் என்று எழுதுகிறார்கள்.

'இரும்பு பூசிய கப்பல்' என்று எழுதுவோரும் உண்டு. அரைச் சாண் அளவுக்குத் தடித்த கவசச் சுவரைப் பூச்சு என்பது பொருந்தாது.

'கவசக் கப்பல்' என்பது இவற்றைவிட எவ்வளவோ மேல். அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். பழந்தமிழ்ச் சொல்லே வேண்டும் என்பாருக்குப் பதிற்றுப்பத்தில் 'மெய்ம்மறை' இருக்கிறது. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. 1870களின் இறுதியில் இரும்பின் முகத்தில் எஃகைப் பற்றவைத்த கூட்டுக் கவசம் வந்தது. 1890களில் ஹார்வி முறையிலும் பின்னர் குருப் முறையிலும் கடினமாக்கிய எஃகு வந்தது. பிரிட்டனின் 'மெஜஸ்டிக்' வகைப் போர்க்கப்பல்களின் பக்கக் கவசம் ஒன்பது அங்குல ஹார்வி எஃகு. அவையும் கவசக் கப்பல்களே, ஆனால் அயர்ன்கிளாட் அல்ல. கவசக் குரூசர் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. கவசம் இரும்பாக இருந்த காலத்தைத் தனியே பிரித்துக் காட்ட இரும்பு என்ற சொல்லும் வேண்டும், உடுத்தல் என்ற வினையும் வேண்டும்.

அந்த வினை தமிழில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. முதலாம் பராந்தகன் தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தான். திருவரங்கத்தைப் பொன்னால் வேய்ந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் 'கோயில் பொன் வேய்ந்த பெருமாள்' எனப்பட்டான். தில்லைக் கூரையின் அடியில் இருப்பது மரச்சட்டம், மேலே பொன். அதனால் அதைப் பொற்கட்டடம் என்று கட்டடக் கலை அறிந்த எவரும் சொல்லார். வேய்தல் ஓலைக் கூரைக்கு மட்டுமே உரியது என்று மறுப்பவர்கள் பூ வேய்தலையும் முடி வேய்தலையும் மறந்துவிடுகிறார்கள். மேலே இட்டு மூடுதலும் அணிதலும் இந்த ஒரே வினையில் அடங்குகின்றன. ஆகவே 'இரும்பு வேய்ந்த கப்பல்' என்பதே நேரான தமிழ். சுருக்கம் வேண்டுமானால் 'இரும்புவேய் கப்பல்' என்று வினைத்தொகையாக எழுதலாம். அங்கே ஒற்று மிகாது. 'வேய்க்கப்பல்' என்று எழுதினால் அது மூங்கில் கப்பலாகிவிடும்.

இதை அடுத்த காலத்தின் கப்பல்களுக்கு நேர்ந்திருப்பதும் இதே போன்ற கேடுதான். 1906இல் வந்த 'டிரெட்நாட்' ஒரு கப்பலின் இயற்பெயர். பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பத்தும் நீராவிச் சுழலியும் கொண்டு அது முந்தைய கப்பல்களையெல்லாம் பழசாக்கியதால், அப்பழையவற்றைப் பின்னோக்கிப் பார்த்து 'பிரீ-டிரெட்நாட்' என்றார்கள். இதை 'அச்சமின்மைக்கு முந்தைய கப்பல்' என்று பெயர்த்திருப்பதைப் படித்திருக்கிறேன். அகராதியை மட்டும் புரட்டி, அது பெயர்ச்சொல்லா பொதுச்சொல்லா என்று பாராமல் விடுவதன் விளைவு இது. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய 'எம்டன்' கப்பலின் பெயரை நம் மக்கள் அப்படியே எடுத்து, கெட்டிக்காரனுக்கு வழங்கும் சொல்லாக்கிக்கொண்டார்கள். யாரும் அதைப் பெயர்க்க முயலவில்லை. அதேபோல் 'டிரெட்நாட்டுக்கு முந்தைய போர்க்கப்பல்' என்று எழுதினால் போதும். 1905இல் சுஷிமா கடற்போரில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி டோகோவின் கொடிக்கப்பலாக இருந்து, இன்று யொக்கொசுக்காவில் காட்சிக்கு நிற்கும் 'மிக்காசா' அந்த வகையைச் சேர்ந்தது. குருப் எஃகு அணிந்த அதை இரும்பு வேய்ந்த கப்பல் என்று எழுதுவதும் தவறே.