ஒரே பென்டிரைவ், இரண்டு முகவரிகள்

விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி (கெஸ்ட்), ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவைச் செருகினால் அது வெளியே உள்ள நிஜக் கணினியில்தான் (ஹோஸ்ட்) திறக்கிறது, தானாகவே கெஸ்டுக்குள் போக வழியில்லையா என்று ஒரு வாசகர் கேட்கிறார். வழி இருக்கிறது. முதலில், செருகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

யூஎஸ்பி 2 போர்ட்டின் இரு தரவுக் கம்பிகளும் 15 கிலோ ஓம் மின்தடைகள் வழியே பூஜ்ய வோல்ட்டில் கிடக்கும். கருவிக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை அவற்றில் ஒன்றின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கும். வந்ததற்கு அடையாளம் அவ்வளவுதான். ஹோஸ்ட் ரீசெட் கொடுத்து, 18 பைட் சுயவிவரத்தை வாங்கி, 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்றைத் தரும். அந்தச் சுயவிவரத்தில்தான் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இருக்கின்றன.

அழகான பகுதி இனிமேல்தான். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கெமு (QEMU) போன்ற மென்பொருள், ஹோஸ்டின் டிரைவரை அந்தக் கருவியிலிருந்து விலக்கிவிட்டுத் தானே அதைப் பிடித்துக்கொள்கிறது. கெஸ்டுக்குள் ஒரு போலி யூஎஸ்பி கன்ட்ரோலர் உண்டு. அதில் கம்பியும் இல்லை, மின்தடையும் இல்லை, நினைவகத்தில் சில பிட்கள் மட்டுமே. அவற்றில் ‘இணைந்தது’ என்னும் பிட்டை கெமு மாற்றியதும், யாரோ இப்போதுதான் செருகினார்கள் என்று கெஸ்ட் நம்பி, எல்லாச் சடங்கையும் முதலிலிருந்து செய்கிறது. “இனி உன் முகவரி 3” என்று அது அனுப்பும் கட்டளை கருவியைப் போய்ச் சேர்வதே இல்லை; கெமு அதை வாங்கிக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஹோஸ்ட் முதலில் கொடுத்த முகவரியையே, 7 என்று வைத்துக்கொள்வோம், கருவி தொடர்ந்து வைத்திருக்கும். பொய் எங்கும் வெளிப்படுவதில்லை.

இதைத் தானாக நடத்த, லினக்ஸில் கருவிகளின் வரவையும் போக்கையும் கவனிக்கும் யுடெவ் (udev) நிரலுக்கு விதி ஒன்று எழுதி, கருவி வந்ததும் விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டின் (libvirt) இணைப்புக் கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் ஓடவிட வேண்டும். ஒருமுறை செருகினால் கருவிக்கு ஒன்று, அதன் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் (கருவிக்குள் தனித்தனி வேலை செய்யும் பகுதி) ஒன்று எனப் பல நிகழ்வுகள் கிளம்பும். முழுக் கருவிக்கான நிகழ்வை மட்டும் பிடிக்காவிட்டால் ஸ்கிரிப்ட் பலமுறை ஓடி, இரண்டாவது தடவையிலிருந்து பிழை காட்டும். பிடுங்கும்போதும் ஒரு விதி தேவை. இல்லையென்றால் பழைய பதிவு மெஷினில் தங்கி அடுத்த இணைப்பைத் தடுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் கருவியின் பண்புக் கோப்புகள் மறைந்திருக்கும், ஆகவே யுடெவ் ஏற்கெனவே சேமித்த மதிப்புகளை வைத்துத்தான் ஒப்பிட முடியும். ஹோஸ்ட் பென்டிரைவைத் தானாக மவுன்ட் செய்வதையும், அதாவது அதன் கோப்புகளைத் திறந்து வைப்பதையும், நிறுத்திவிடுங்கள். ஹோஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே கெமு கருவியைப் பிடுங்கிக்கொண்டால் தரவு கெடலாம். சிலமுறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அதில் ராசி எதுவும் இல்லை, மவுன்டுக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் அந்த முறை ஸ்கிரிப்ட் முந்தியிருக்கும்.

எதை வைத்து அடையாளம் காண்பது? ஹோஸ்ட் கொடுக்கும் கருவி எண் ஒவ்வொரு செருகலிலும் மாறும், அதை எழுதி வைப்பது வீண். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் பொதுவாக மாறாது என்றாலும், ஒரே மாதிரி இரண்டு டாங்கிள்கள் (போர்ட்டில் செருகும் சிறு கருவிகள்) இருந்தால் குழப்பம். என் ஓட்டு போர்ட்டுக்கு: இந்தத் துளையில் எதைச் செருகினாலும் கெஸ்டுக்கு. கெமுவில் பஸ் எண்ணையும் போர்ட் எண்ணையும் நேரடியாகவே கொடுக்கலாம். இன்னொரு விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில், எந்தக் கருவி கெஸ்டுக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஃபில்டர்கள் இருக்கின்றன. எந்தப் புலத்தையும் நிரப்பாத ஃபில்டர் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும், உங்கள் விசைப்பலகை உட்பட.

சில மோடெம்கள் முதலில் சிடி டிரைவாக வேடமிட்டு வந்து, பிறகு தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டு வேறு பொருள் எண்ணுடன் மீண்டும் தோன்றும். எண்ணை நம்பிய விதி முதல் வேடத்தை கெஸ்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாவதை ஹோஸ்டிலேயே விட்டுவிடும். போர்ட்டை நம்பிய விதி இரண்டையும் பிடிக்கும்.