டிக் போட்டா பெட்டி வரணும், ஸ்கிரிப்ட் வேண்டாம்

மார்த்தாண்டத்துல தேன் விக்கிற ஒரு தங்கச்சி கேட்டா, "அண்ணே, ஆர்டர் ஃபார்ம்ல 'வீட்டுக்கு அனுப்பணும்'னு டிக் போட்டா மட்டும் அட்ரஸ் பெட்டி வரணும், ஜாவாஸ்கிரிப்ட் எனக்குத் தெரியாது, வழி உண்டா?" உண்டு. பேச்சிப்பாறை பக்கம் சிக்னல் இழுத்துக்கிட்டு கெடக்கும்போ அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் வந்து சேரலன்னா அட்ரஸ் பெட்டியே தொறக்காது, ஆர்டர் போச்சு. ஆனாலும் இத்துனூண்டு வேலைக்கு ஒரு பெரிய லைப்ரரிய, அதாவது யாரோ எழுதி வச்ச ஸ்கிரிப்ட் மூட்டைய, இழுத்துப் போடுதாவ, புது பைக்குல எலுமிச்சம்பழம் கட்டுற மாதிரி, ஏன்னு கேட்டா எல்லாரும் கட்டுதாவல்லா.

பக்கம் பாக்க எப்படி இருக்கணும்னு சொல்லுற சிஎஸ்எஸ்ஸுக்கே செக்பாக்ஸ்ல டிக் இருக்கா இல்லையான்னு தெரியும், அதுக்கு 'செக்ட்' (:checked)னு ஒரு அடையாளம் உண்டு. பழைய வழியில செக்பாக்ஸுக்குப் பொறவு அதே மட்டத்துல அட்ரஸ் பெட்டிய வச்சு, சிஎஸ்எஸ் விதியில ரெண்டு பேருக்கும் நடுவுல ~ போடணும். ரேஷன் கடை வரிசைதான், முன்னாடி நிக்கிறவரு கை தூக்குனா பின்னாடி உள்ளவங்களுக்குத் தெரியும், பின்னாடி நிக்கிறவரு தூக்குனா முன்னாடி யாருக்கும் தெரியாது. செக்பாக்ஸ மட்டும் ஒரு டிவ்வுக்குள்ள (பக்கத்துல மத்தத பொதிஞ்சு வைக்கிற டப்பா) போட்டுட்டா அதுவும் தீந்துது.

இந்தத் தடைய ஒடச்சது சிஎஸ்எஸ்ல பொறவு வந்த 'ஹேஸ்' (:has). உள்ள என்ன இருக்குன்னு பாத்து வெளிய இருக்கறத மாத்தலாம். சஃபாரில 2022 மார்ச்ல வந்துது, குரோம்ல அதே வருஷம் ஆகஸ்ட், ஃபயர்ஃபாக்ஸுக்கு 2023 டிசம்பர் ஆயிட்டு. இதுல எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு, விதிய "டிக் இருந்தா காட்டு"ன்னு எழுதாம "டிக் இல்லாத ஃபார்ம்ல மறை"ன்னு எழுதிப் பாருங்க, பழைய பிரௌசருக்கு 'ஹேஸ்' புரியாதா, புரியாத விதிய அது முழுசா தூக்கிப் போட்டுரும், அப்ப மறைக்கறதுக்கு ஆளே இல்ல, பெட்டி எப்பவும் தெரியும். அழகு கொஞ்சம் போவும், ஆர்டர் போவாது.

ஆனா சிஎஸ்எஸ் மறைக்கத்தான் செய்யும், ஃபார்ம்ல இருந்து எடுக்காது. அட்ரஸ் கட்டாயம்னு 'ரிக்வயர்ட்' போட்டு வச்சீங்கன்னா மறைஞ்சு கெடக்கும்போ சப்மிட் பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்தாலும் ஒண்ணும் நடக்காது, காலியா இருக்குன்னு பிரௌசர் பிடிச்சு வச்சுக்கும், ஆனா கண்ணுல படாத பெட்டிய எப்படிக் காட்டும்? அதனால அந்தச் செக்கிங்க, ஆர்டர் போய்ச் சேருற சர்வர்ல வைங்க. அங்கயும் டிக் இருக்கான்னு மொதல்ல பாருங்க, ஏன்னா ஒருத்தி அட்ரஸ் அடிச்சிட்டு மனசு மாறி டிக்க எடுத்தாலும் அடிச்சது அப்படியே சர்வருக்குப் போவும், அவ கடை வாசல்ல நிப்பா, தேன் பாட்டில் கருங்கல் ஊருக்கு பஸ் ஏறியிருக்கும்.