நான்காவது டவுனில் 'பத்திரம்' என்பது எது?

புள்ளியியல் பயிற்சி வகுப்பை நான் அமெரிக்கக் கால்பந்திலிருந்துதான் தொடங்குவேன். ஆட்டத்தின் முதல் கால்பகுதி, பந்து மைதானத்தின் நடுவில். இது நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. இன்னும் 1 யார்டு முன்னேறினால் பந்து நம்மிடமே இருக்கும், மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் அதே இடத்தில் பந்து எதிரணிக்குப் போய்விடும். இது வேண்டாமென்றால் 'பன்ட்' செய்யலாம்: பந்தைத் தொலைவுக்கு உதைத்துவிட்டு, எதிரணியை அவர்கள் எல்லைக்கு அருகிலிருந்து தொடங்க வைக்கலாம்.

பெரும்பாலான கைகள் பன்ட்டுக்குத்தான் உயரும். "எதுக்கு ரிஸ்க்?" என்பார்கள்.

சரி, கணக்குப் போடுவோம். 1 யார்டு முயற்சி ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு தடவை பலிக்கிறது. நடு மைதானத்தில் முதல் டவுனோடு, அதாவது நான்கு முயற்சிகளும் மிச்சமிருக்க, பந்து கையில் இருப்பதன் மதிப்பு சராசரியாகச் சுமார் 2 புள்ளி. எதிரணியிடம் இருந்தால் நமக்கு மைனஸ் 2. 2-ஐ இரண்டு தடவை கூட்டி, ஒரு தடவை கழித்து, மூன்றால் வகுத்தால், ஒரு முயற்சிக்குச் சராசரி 0.67 புள்ளி லாபம். பன்ட் செய்தாலோ, எதிரணி ஓரத்தில் முடங்கினாலும் பந்து அவர்களுடையதுதான். நம் மதிப்பு பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 1998 முதல் 2000 வரை நடந்த என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆட்டங்களின் முதல் கால்பகுதிகளை அலசி, 2006-இல் கட்டுரை வெளியிட்டார். முயன்று பார்ப்பதே மேல் என்று அவர் கணக்கு காட்டிய நான்காவது டவுன்கள் 1,068. அவற்றில் 959 தடவை அணிகள் பந்தை உதைத்தன.

பயிற்சியாளர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். பன்ட் செய்து தோற்றால் பழி ஆட்டக்காரர்களுக்கு. முயன்று தோற்றால் பயிற்சியாளருக்கு. 2009 நவம்பரில் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக 34-28 என்று முன்னிலையில் இருந்த பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக், இரண்டு நிமிடங்களே மிச்சமிருக்க, தன் 28 யார்டு கோட்டில், அதாவது தன் எல்லைக்கு வெறும் 28 யார்டு தொலைவில், நான்காவது டவுனில் 2 யார்டுக்கு முயன்றார். மயிரிழையில் தவறியது, 35-34 என்று தோற்றார். எத்தனையோ கோப்பைகள் வென்றவரையே மறுநாள் வறுத்தெடுத்தார்கள்.

நான் ஆலோசனை சொல்லும் அலுவலகங்களிலும் இதையே பார்க்கிறேன். நஷ்டம் வந்த பிறகு "யார் முடிவு எடுத்தது?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் கையில் என்ன தகவல் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் அந்த ஊழியர் ஆயுசுக்கும் பன்ட்தான் செய்வார்.

எப்போதும் முயலச் சொல்லவில்லை. சொந்த 20 யார்டு கோட்டில் இன்னும் 10 யார்டு வேண்டுமென்றால் உதைப்பதுதான் சரி.

2024 ஜனவரியில் ஃபார்ட்டிநைனர்ஸுக்கு எதிரான அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில், லயன்ஸ் பயிற்சியாளர் டேன் கேம்ப்பெல் பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைத்து 3 புள்ளி எடுக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, நான்காவது டவுனில் இரண்டு தடவை முயன்றார். இரண்டும் தவறின, 34-31 என்று தோல்வி. முதல் முயற்சியில் பந்து ஜாஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்து நழுவியது. வருத்தமில்லை என்றார் கேம்ப்பெல்.

வகுப்பில் அந்தக் காட்சியை, பந்து புறப்படும் முன்பே நிறுத்திவிடுவேன். எல்லோரும் தங்கள் முடிவையும் காரணத்தையும் தாளில் எழுதித் தர வேண்டும். பந்து பிடிபட்டதா என்பதை அன்று நான் காட்டுவதில்லை.